ஹான்ஸ் கெல்லரின் கேள்விகள், சிட் பாரெட்டின் பதில்கள்

வாசகர் கேள்வி–பதில்

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு 1967ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி பிபிசி தொலைக்காட்சியின் ‘தி லுக் ஆஃப் த வீக்’ என்ற கலை நிகழ்ச்சியில் தோன்றியது. அப்போது இசையறிஞர் ஹான்ஸ் கெல்லர் அந்தக் குழுவின் பாடகர் சிட் பாரெட், பாஸ் கிதார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ் ஆகிய இருவரிடம் கேள்வி கேட்ட பதிவை அண்மையில் பார்த்த வாசகர்கள் பலர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் சில நிமிடங்களே ஓடும் அந்த உரையாடலைப் பற்றி அரை நூற்றாண்டு கடந்தும் ரசிகர்களிடையே வாக்குவாதம் ஓயவில்லை. வந்த கடிதங்களில் ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

அந்த நேர்காணலில் ஒரு பேராசிரியர் இளைஞர்கள் இருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதைப் போல விசாரிக்கிறார். இசை சலிப்பூட்டுகிறது, சத்தம் தாங்க முடியவில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். ரசிகர்கள் அவரை இன்றுவரை கேலி செய்வது நியாயம்தானே?
– கல்லூரி மாணவர் ஒருவர், கோயம்புத்தூர்

முதல் முறை பார்த்தபோது நானும் இளைஞர்களின் பக்கமே நின்றேன். பலமுறை திரும்பப் பார்த்த பிறகு, அந்தக் கேலியில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. கெல்லர் என்ன சொன்னார் என்பதைச் சொன்ன வரிசையிலேயே கவனித்துப் பாருங்கள்.

நிகழ்ச்சியின் தொடக்கத்தில் குழுவின் இசையில் ஒரு சிறு துணுக்கு ஒலிக்கிறது. பிறகு அவர்களை அறிமுகப்படுத்த வரும் கெல்லர், நீங்கள் கேட்பதற்கு முன் நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பிக்கிறார். அந்தச் சில நொடித் துணுக்கில் இருப்பதுதான் முழுவதிலும் தமக்குக் கேட்கிறது, அதுவே திரும்பத் திரும்ப வருவதால் கொஞ்சம் சலிப்பாக இருக்கிறது என்பது முதலாவது. அளவுக்கு மீறிய சத்தம், உங்கள் வீட்டுக் கூடத்தில் அது தெரியாது, அரங்கத்தில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்பது இரண்டாவது. கேலி செய்பவர்கள் இந்த இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களை முழுமையாக ரசிக்க முடியாத அளவுக்குத் தாம் ஒருவேளை இசைக்கலைஞராகவே ஊறிப் போய்விட்டிருக்கலாம் என்று மூன்றாவதாகவும், அவர்களுக்கென்று கேட்போர் இருக்கிறார்கள், கேட்போர் உள்ளவர்கள் சொல்வதை நாமும் கேட்டாக வேண்டும், எனவே ரசிக்க முடியாதது தம்முடைய குறையாகக்கூட இருக்கலாம் என்று நான்காவதாகவும் அவர் சொல்கிறார்.

தனக்குப் பிடிக்காத ஓர் இசையை நாட்டு மக்கள் முன் அறிமுகப்படுத்தும் பொறுப்பு ஒருவரிடம் வருகிறது. பிடித்ததாக நடிக்கலாம், அல்லது நாகரிகமாகப் புன்னகைத்துக் கடந்து போகலாம். கெல்லர் தம் ஒவ்வாமையையும், அந்த ஒவ்வாமை எங்கிருந்து வருகிறது என்பதையும், அது தவறாக இருக்கக்கூடும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மேடையை அவர்களுக்கு விட்டுவிடுகிறார். ‘அஸ்ட்ரானமி டாமினே’ என்ற பாடலைக் குழு வாசித்து முடித்த பிறகே கேள்விகள் தொடங்குகின்றன. பேச வந்தவர்களை நம் காதால் கேட்ட பிறகே அவர்களோடு வாதிடும் அந்த ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன்.

விசாரணை என்கிறீர்கள். தாம் ஸ்ட்ரிங் குவார்டெட்டுக்குள் வளர்ந்தவர், அதாவது இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு கருவிகள் மட்டுமே பேசிக்கொள்ளும் இசைக்குள் வளர்ந்தவர், அது கொஞ்சம் மென்மையானது, உங்கள் இசை ஏன் இவ்வளவு சத்தமாக இருந்தாக வேண்டும் என்று கெல்லர் கேட்கிறார். இருந்தாக வேண்டும் என்றில்லை, எங்களுக்கு அப்படித்தான் பிடித்திருக்கிறது, நாங்கள் ஸ்ட்ரிங் குவார்டெட்டுக்குள் வளரவில்லை, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார் ரோஜர் வாட்டர்ஸ். ஸ்ட்ரிங் குவார்டெட்டுக்குள் வளராத எல்லோரும் சத்தமான இசைக்குழு ஆகிவிடுவதில்லையே, எனவே உங்கள் காரணம் முழுக்க நம்பும்படி இல்லை, இருந்தாலும் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்கிறேன் என்று பதில் வருகிறது. இதில் கூண்டும் இல்லை, குற்றவாளியும் இல்லை. எதிரில் இருப்பவர் சொன்ன காரணம் காரணமாக நிற்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் பேச்சு இது. இருபத்து மூன்று வயது இளைஞரின் சொல்லை நாற்பத்தெட்டு வயது அறிஞர் அப்படிச் சோதித்துப் பார்த்தார் என்றால், அந்தச் சொல்லுக்கு அவர் எடை கொடுத்தார் என்றுதான் பொருள்.

யார் இந்த ஹான்ஸ் கெல்லர்? பிங்க் ஃபிளாய்டைப் புரிந்துகொள்ளாதவர் என்பதைத் தவிர இவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.
– வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் கேள்வியின் இரண்டாவது வாக்கியம்தான் என்னை வருத்துகிறது, ஏனென்றால் உலகம் முழுவதும் உள்ள ராக் ரசிகர்களில் பெரும்பாலோர் அவரை அப்படி மட்டுமே அறிந்திருக்கிறார்கள்.

கெல்லர் 1919இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே, வயதில் மிக மூத்தவரான ஆஸ்கர் ஆட்லர் என்ற வயலின் கலைஞரின் குவார்டெட்டில் சேர்ந்து வாசித்தவர். நேர்காணலில் அவர் சொன்ன ‘ஸ்ட்ரிங் குவார்டெட்டுக்குள் வளர்ந்தேன்’ என்பது அலங்காரப் பேச்சு அல்ல, அவருடைய வாழ்க்கை வரலாற்றின் ஒரு வரி. 1938இல் நாஜி ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அந்த ஆண்டின் இறுதியில் அவர் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார். போர் தொடங்கிய பிறகு, வந்து சேர்ந்த நாடே அவரைப் பகைநாட்டவர் என்ற வகையில் ஐல் ஆஃப் மேன் தீவின் முகாமில் அடைத்தது. அவரைப் போன்ற வியன்னா அகதிகள் பலருக்கு அந்த முகாம் வாழ்க்கை நேர்ந்தது. பின்னாளில் புகழ்பெற்ற அமேடியஸ் குவார்டெட்டின் உறுப்பினர்களில் மூவர் ஒருவரையொருவர் அறிந்துகொண்டதே இப்படிப்பட்ட முகாம்களில்தான்.

விடுதலையான பின் வாசித்தும் எழுதியும் வந்த கெல்லர் 1959இல் பிபிசியின் இசைப் பிரிவில் சேர்ந்தார். இசையை விளக்கச் சொற்களே தேவையில்லை, இசையாலேயே இசையை ஆராயலாம் என்ற துணிச்சலான முறையை அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வகுத்திருந்தார். மோட்சார்ட்டின் டி மைனர் குவார்டெட்டை எடுத்துக்கொண்டு, அதன் பகுதிகளுக்கு இடையே தாம் எழுதிய இசைத் துணுக்குகளைப் பொருத்தி, ஒரு சொல்கூடப் பேசாமல் அந்தப் படைப்பின் உள்ளுறவுகளைக் காதுக்குப் புலப்படுத்தினார். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1975இல் எழுதிய தம் மூன்றாவது ஸ்ட்ரிங் குவார்டெட்டை இவருக்குத்தான் காணிக்கையாக்கினார். கால்பந்தைப் பற்றியும் இவர் ஆர்வத்தோடு எழுதினார் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது, ஏனெனில் உயர்ந்த கலைக்குள் அடைந்து கிடந்த மனிதர் என்று இவரைக் கருதிவிடக் கூடாது.

நேர்காணலோடு நேரடியாகத் தொடர்புடைய இரண்டு செய்திகள் உண்டு. 1961இல் கெல்லரும் பியானோ கலைஞர் சூசன் பிராட்ஷாவும் பிபிசியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் தாள வாத்தியங்களை எந்தத் திட்டமும் இல்லாமல் தட்டிப் பதிவு செய்து, பியோத்தர் ஜாக் என்ற, உலகில் இல்லவே இல்லாத இளம் இசையமைப்பாளரின் படைப்பு என்று வானொலியில் ஒலிபரப்பினார்கள். விமர்சகர்கள் அதைக் குறை சொன்னார்கள் என்றாலும், அது இசைப்படைப்பே அல்ல என்பதைக் கண்டுகொள்ளாமல் ஒரு படைப்பாகவே பாவித்து மதிப்பிட்டார்கள். புதிய ஒலிகளின் முன் கேட்பவர் எந்த அளவுகோலை நம்புவது என்ற கேள்வி, பிங்க் ஃபிளாய்டைச் சந்திப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

இரண்டாவது செய்தி, இசை விமர்சனம் என்ற தொழிலே போலியானது என்று அவர் வெளிப்படையாக வாதிட்டு வந்தார் என்பது. தான் இல்லாவிட்டால் இருந்திருக்காத சிக்கல்களை உருவாக்கி, அவற்றைத் தீர்ப்பதாகக் காட்டிக்கொள்ளும் தொழில்களின் பட்டியலில் விமர்சனத்தையும் அவர் வைத்திருந்தார். நேர்காணலின் கடைசியில் அவர் நேயர்களை நோக்கித் திரும்பி, என்னைப் போலவே உங்களாலும் தீர்ப்புச் சொல்ல முடியும் என்று சொல்வதை அந்தப் பின்னணியில் கேட்டால், அது வெறும் மரியாதைச் சொல்லாகத் தோன்றாது. அவர் நம்பியதையே சொன்னார். கெல்லர் 1985இல் காலமானார்.

சத்தத்தைப் பற்றிய அவருடைய கேள்வி வெறும் தலைமுறை இடைவெளிதானா? இசையை அறிந்தவர் கேட்கும் கேள்வியா அது?
– இசை ஆசிரியை, தஞ்சாவூர்

சத்தம் பிடிக்கவில்லை என்பதோடு அவர் நிறுத்தியிருந்தால் தலைமுறை இடைவெளி என்று தள்ளிவிடலாம். அவர் அடுத்த படிக்குப் போகிறார். இத்தகைய ஒலி பழகிப் போனால், மென்மையான ஒலிகளை உணரும் திறன் குறைந்துவிடாதா என்று கேட்டு, சிட் பாரெட்டின் பக்கம் திரும்புகிறார். இது காதைப் பற்றிய உண்மையான கேள்வி. ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் போன்ற ராக் கலைஞர்கள் தங்கள் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது பிற்காலத்தில்தான்.

பாரெட்டின் பதிலும் கேள்விக்குக் குறையாதது. அப்படி நான் நினைக்கவில்லை என்று அமைதியாகத் தொடங்கி, எங்கள் இசையில் மிக மென்மையான பகுதிகளும் உண்டு, எனக்குச் சத்தமான இசையைப் போலவே அமைதியான இசையும் பிடிக்கும், பெரிய கூடங்களில் வாசிக்கிறோம், அங்கே ஒலியளவு தேவைப்படுகிறது, நடனமாடுபவர்களும் அதை விரும்புகிறார்கள் என்று சொல்கிறார். மூன்று தனித்தனிக் காரணங்களைக் கோபம் கலக்காமல் அடுக்குகிறார்.

அந்தப் ‘பெரிய கூடம்’ எது என்பதையும் சொன்னால்தான் இருவரின் நிலையும் விளங்கும். நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பு, மே 12ஆம் தேதி, லண்டன் குவீன் எலிசபெத் அரங்கில் ‘கேம்ஸ் ஃபார் மே’ என்ற பெயரில் பிங்க் ஃபிளாய்ட் தனிக் கச்சேரி நடத்தியிருந்தது. சுமார் 900 இருக்கைகள் கொண்ட அந்த அரங்கம் திறக்கப்பட்டு இரண்டரை மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சிறு குழுக்களின் நுண்ணிய இசையும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று கருதிக் கட்டப்பட்டது. அதாவது, கெல்லர் வளர்ந்த இசைக்கான வீட்டுக்குள் ஒலிபெருக்கிகளோடு இவர்கள் வந்திருந்தார்கள். கூடத்தில் மலர்களைத் தூவினார்கள், சோப்புக் குமிழ்களைப் பறக்கவிட்டார்கள். மலர்கள் மிதிபட்டுத் தரைவிரிப்பும், குமிழ்கள் பட்டு இருக்கைகளும் கறைபட, அரங்க நிர்வாகம் இனி இவர்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது.

அன்றைய இரவின் முக்கியமான செய்தி வேறொன்று. அரங்கின் வெவ்வேறு மூலைகளில் ஒலிபெருக்கிகளை வைத்து, ஒலியை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்தும் கருவி ஒன்றைக் குழு அன்று பயன்படுத்தியது. அதற்கு ‘அசிமுத் கோஆர்டினேட்டர்’ என்று பெயர். ஏபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தின் தொழில்நுட்பர் பெர்னார்ட் ஸ்பைட் செய்து கொடுத்தது; கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் ஒரு கைப்பிடியை அசைத்து ஒலியை இடம் மாற்றுவார். அந்தக் கருவி கச்சேரிக்குப் பிறகு களவு போனது. பின்னர் செய்யப்பட்ட ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

நீங்கள் இசை ஆசிரியை என்பதால் இதை விரிவாகச் சொன்னேன். ஒலி எங்கிருந்து வருகிறது என்பதையே இசையின் ஓர் உறுப்பாக ஆக்க முயன்றவர்களிடம், ஒலி எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் கேட்டது கெல்லரின் குறை என்று நான் கருதுகிறேன். அவரைப் பாதுகாத்துப் பேசும் நானே இதைச் சொல்லியாக வேண்டும். மெட்டும் அதன் வளர்ச்சியும் என்ற வழியில் இசையைத் தேடிய காதுக்கு, ஒலியின் நிறமும் இருப்பிடமும் மாறுவது ‘திரும்பத் திரும்ப வருவது’ என்றே பட்டிருக்கிறது. கருவியைப் பற்றி அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நமக்கு இன்னும் வளமான பதிவு கிடைத்திருக்கும்.

சிட் பாரெட்டின் கண்களில் அப்போதே மனநோயின் அறிகுறி தெரிகிறது என்று ரசிகர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?
– வாசகி, சேலம்

அப்படிப் பார்க்க வேண்டாம் என்று உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

பின்னால் நடந்தவை நமக்குத் தெரியும். அந்த ஆண்டு நவம்பரில் பிங்க் ஃபிளாய்டின் அமெரிக்கப் பயணம் பாதியில் நின்றது. அடுத்த சில வாரங்களில் டேவிட் கில்மோர் என்ற கிதார் கலைஞர் குழுவில் சேர்க்கப்பட்டார். 1968 ஜனவரிக்குப் பிறகு பாரெட்டைக் கச்சேரிகளுக்கு அழைத்துச் செல்வதையே நிறுத்தினார்கள். ஏப்ரலில் அவர் விலகியது அறிவிக்கப்பட்டது. 1975 ஜூன் மாதம் ஏபி ரோடு கூடத்தில், தன்னை நினைத்து எழுதப்பட்ட பாடலின் வேலை நடந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் சொல்லாமல் வந்து நின்றபோது, பழைய நண்பர்களுக்கே அவரை உடனே அடையாளம் தெரியவில்லை. பிறந்த ஊரான கேம்பிரிட்ஜில் ஆரவாரமின்றி வாழ்ந்து, 2006 ஜூலையில் மறைந்தார்.

இவ்வளவையும் மனத்தில் சுமந்துகொண்டு 1967 மே மாதத்துக்குத் திரும்பிப் போனால், சாதாரணமாகக் கண் இமைப்பதுகூட அறிகுறியாகத்தான் தெரியும். பதிவு காட்டுவதோ வேறு. இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர், கேள்வி முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்து, முழு வாக்கியங்களில், தெளிவாகவும் பணிவாகவும் பதில் சொல்கிறார். நடனத்துக்கு வாசிப்பதும் அமர்ந்து கேட்பவர்களுக்கு வாசிப்பதும் வேறு வேறு என்பதையும், அரங்கக் கச்சேரி தங்களுக்கு அதை உணர்த்தியது என்பதையும், தங்கள் இசை நடனத்துக்காகவே அமைந்தது அல்ல என்பதையும் அவர் விளக்கும் இடம் எனக்கு இந்த நேர்காணலிலேயே மிகவும் பிடித்தது. ராக் இசை நடனக் கூடத்திலிருந்து கச்சேரி அரங்குக்கு இடம்பெயர்ந்துகொண்டிருந்த நேரத்தில், இடம்பெயர்த்தவர்களுள் ஒருவரே அதைப் பேசி நாம் கேட்கிறோம்.

பாரெட் தன் இசையைப் பற்றி நிதானமாகப் பேசி நமக்குக் கிடைத்துள்ள தொலைக்காட்சிப் பதிவுகள் மிகச் சில. அந்தச் சிலவற்றில் ஒன்றில் அவர் சொல்வதைக் கவனிக்காமல் கண்களில் நோயைத் தேடுவது அவருக்கு நாம் செய்யும் அநீதி. ஒருவர் வாழ்க்கையின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்ட குற்றம் நம்முடையது. அதை அவர் முகத்தில் ஏற்றக் கூடாது.

இதே போல ராக் குழுவினரோடு தகராறில் முடிந்த இன்னொரு பிரிட்டிஷ் நேர்காணல் உண்டல்லவா? இரண்டையும் ஒப்பிட முடியுமா?
– வாசகர், சிங்கப்பூர்

நீங்கள் சொல்வது 1976 டிசம்பர் 1ஆம் தேதி தேம்ஸ் தொலைக்காட்சியின் ‘டுடே’ நிகழ்ச்சியில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவோடு தொகுப்பாளர் பில் கிரண்டி நடத்திய பேச்சு. குவீன் குழு வர முடியாமல் போக, அவர்களுக்குப் பதிலாக அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான இஎம்ஐ அனுப்பிவைத்த இளைஞர்கள் இவர்கள். தொகுப்பாளர் தொடக்கம் முதலே ஏளனமாகப் பேசி, இன்னும் ஏதாவது மோசமாகச் சொல்லுங்கள் என்று தூண்ட, மாலை நேர நேரலையில் வசைச்சொற்கள் கொட்டின. கிரண்டி இரண்டு வாரம் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அடுத்த மாதமே இஎம்ஐ அந்தக் குழுவைக் கைவிட்டது. லண்டன் வட்டாரத்தில் மட்டும் ஒளிபரப்பான நிகழ்ச்சி, மறுநாள் நாளிதழ்களால் நாடு முழுவதற்கும் தெரிந்தது.

ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரியும். கிரண்டி அந்த இளைஞர்களிடம் எதையும் அறிந்துகொள்ள விரும்பவில்லை. கெல்லர் பிடிக்காத இசையைப் பற்றியே பேசினாலும், அதைச் செய்தவர்களின் காரணங்களை அறிய விரும்பினார். உங்களுக்கு எதிர்ப்பு வந்ததுண்டா என்று கேட்டு, அவர்கள் உண்டு என்றதும், நீங்கள் கேட்போரைத் தாக்க எண்ணுகிறீர்களா, இந்தச் சத்தம் அதிர்ச்சி கொடுப்பதற்காகவா என்றும் கேட்டுத் தெளிந்துகொள்கிறார். இல்லை என்ற பதிலை அப்படியே ஏற்கிறார்.

இரு குழுக்களுக்கும் இடையே வேறொரு தொடர்பும் உண்டு. பிஸ்டல்ஸ் பாடகர் ஜானி ராட்டன், பிங்க் ஃபிளாய்டின் பெயர் பொறித்த டி-ஷர்ட்டில் ‘நான் வெறுக்கிறேன்’ என்று எழுதிச் சேர்த்து அணிந்திருந்தது புகழ்பெற்ற செய்தி. 1967இல் சத்தம் அதிகம் என்று கேள்விக்குள்ளான குழு, பத்தாண்டுக்குள் அடுத்த தலைமுறைக்கு அளவுக்கு மீறி மெருகேறிய பழைய குழுவாகிவிட்டிருந்தது. அந்த வெறுப்பு உண்மையானது அல்ல என்று ராட்டன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

முழுப் பதிவும் நல்ல தரத்தில் எங்கே கிடைக்கும்? வண்ணத்தில் உள்ளதா?
– வாசகர், மதுரை

வண்ணத்தில் இருக்க வாய்ப்பே இல்லை. பிபிசி வண்ண ஒளிபரப்பைத் தன் இரண்டாவது அலைவரிசையில் தொடங்கியது 1967 ஜூலை 1ஆம் தேதிதான். 2016 நவம்பரில் பிங்க் ஃபிளாய்ட் வெளியிட்ட, 1965 முதல் 1972 வரையிலான ஆண்டுகளுக்குரிய ‘தி எர்லி இயர்ஸ்’ தொகுப்பில் பாடலும் நேர்காணலும் சேர்ந்து இடம்பெற்றுள்ளன.

இது பிழைத்திருப்பதே நற்பேறு. ஒளிநாடாக்களின் விலை அதிகமாக இருந்த காலம் அது. பிபிசி எண்ணற்ற நிகழ்ச்சிகளை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தது. அதே கோடையில் இந்தக் குழு ‘சீ எமிலி பிளே’ பாடலுடன் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் மூன்று முறை தோன்றியது. பிபிசியிடம் அவற்றில் எதுவும் மிஞ்சவில்லை. சிதைந்த நிலையில் ஒரு பதிவு மட்டும் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு மீட்கப்பட்டது.

நிகழ்ச்சியின் முடிவில் கெல்லர் இதைக் ‘குழந்தைப் பருவத்துக்குத் திரும்புதல்’ என்று சொல்கிறார். பாராட்டா, இழிவா?
– ஓய்வுபெற்ற நூலகர், நாகர்கோவில்

இந்தக் கேள்விக்காகவே மற்றக் கடிதங்களையும் சேர்த்து எடுத்தேன்.

அவர் பயன்படுத்தியது உளப்பகுப்பாய்வுக்குரிய சொல். பெரியவர்களின் மனம் நெருக்கடியில் முந்தைய பருவத்துக்குத் திரும்பிச் செல்வதை ஃபிராய்டின் வழிவந்தவர்கள் அந்தச் சொல்லால் குறிப்பார்கள். கெல்லர் ஃபிராய்டை ஆழ்ந்து கற்றவர். இசையின் உளவியலைப் பற்றித் தம் இளமையிலிருந்தே எழுதியவர். ஆகவே வாய்க்கு வந்த வசையாக அதைச் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஒலித்த ‘பவ் ஆர் டாக் ஹெச்’ என்ற துண்டை நினைத்துப் பாருங்கள். சொற்களே இல்லாமல், சிறுவர்கள் விளையாடும்போது வாயால் எழுப்பும் ஒலிகளைப் போன்றவற்றால் தொடங்கும் இசை அது. குழந்தைப் பருவம் அவர் காதில் விழுந்ததில் வியப்பில்லை.

வியப்பு, அவர் அதைச் சொன்ன நாளில் இருக்கிறது. பிங்க் ஃபிளாய்டின் முதல் இசைத்தட்டு வெளிவர இன்னும் மூன்று மாதம் இருந்தது. ஆகஸ்டில் அது வந்தபோது, அதற்குப் பாரெட் சூட்டியிருந்த பெயர் ‘தி பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்’. கென்னத் கிரஹாம் 1908இல் சிறுவர்களுக்காக எழுதிய ‘தி விண்ட் இன் த வில்லோஸ்’ நூலின் ஏழாம் அத்தியாயத்துத் தலைப்பு அது. தட்டின் உள்ளே, சிறு வயதில் அம்மா கதை படித்துக் காட்டியதை ஏங்கி நினைக்கும் பாடல் இருந்தது. கதைகளில் வரும் சித்திரக் குள்ளனைப் பற்றிய பாடல் இருந்தது. வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மையைப் பற்றியும், நண்பியிடம் காட்டி மகிழும் சைக்கிளைப் பற்றியும் பாடல்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர், அன்று கெல்லரின் எதிரில் அமர்ந்து பணிவோடு பதில் சொன்ன அதே இளைஞர்.

குழுவின் இசை பிடிக்காத ஒருவர், அந்தத் தட்டைக் கேட்டிராத ஒருவர், அதன் நடுநாடியில் விரல் வைத்துவிட்டார். ரசிகர்கள் பலர் மேற்கோள் காட்டும்போது விட்டுவிடுகிற பாதி ஒன்று அந்த வாக்கியத்தில் இருக்கிறது. இது குழந்தைப் பருவத்துக்குச் சற்றே திரும்பிப் போவது என்பதே என் தீர்ப்பு என்று சொன்னவர், அதே மூச்சில், திரும்பிப் போனால்தான் என்ன என்றும் கேட்டார்.